வரைபடத்தில் பச்சை

ஏப்ரல் 4

மகளுக்கு,

உன் அலுவலக ஆட்கள் மீது நான் நாயை ஏவிவிட்டேன் என்று ரோட்டு வளைவுக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு உன் காதுக்கும் வந்திருக்கும். என்னிடம் நாய் இல்லை. உன் அப்பா இருந்தபோதும் இல்லை, அவர் போன பிறகும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு நெட்டையனும் ஒரு பெண்ணும் வந்து கதவைத் தட்டினார்கள். நெட்டையன் முதுகில் பை, கையில் இரும்புக் குழாய். "மேல மரத்துக்கடியில போய் மண்ணைப் பாக்கணும்மா, அரை மணி நேர வேலைதான்" என்றான். யார் அனுப்பியது என்று கேட்டேன். உன் அலுவலகத்தின் பெயரைச் சொன்னான். கடிதம் எங்கே என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் ஏதோ நிறங்கள் தெரிந்தன. அது கடிதம் அல்ல என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். உன் பெயரைச் சொல்லி, "அவங்க அம்மாதானே நீங்க, அவங்கதான் எங்களை அனுப்பினாங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினேன். முறையான கடிதத்தோடு வந்தால் திறப்பேன் என்று சொல்லித்தான் சாத்தினேன். குரலை உயர்த்தவில்லை. அவர்கள் ஓட்டமாக இறங்கிப் போனதற்கு என் முகம் காரணமாக இருக்கலாம். நாய் காரணம் இல்லை.

பெற்ற தாயின் நிலத்துக்கு ஆள் அனுப்புகிறவள் ஒரு வரி முன்னதாக எழுதியிருக்கலாம். எங்கள் கான்வென்ட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். வீட்டில் போன் இல்லை என்று குறை சொல்லாதே. அப்பாவின் காரியம் முடிந்த வாரம் நீ போனில் பேசியதெல்லாம் உனக்கு மறந்திருக்கும். "அந்த வீட்டில் மூச்சு விடவே பயமாக இருந்தது" என்றாய். மறுநாள் கேட்டபோது அப்படிச் சொல்லவில்லை என்றாய். எழுதியிருந்தால் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் போன் இணைப்பை எடுத்துவிடச் சொன்னேன்.

மேட்டில் என்ன பார்க்க வந்தார்கள்? அப்பா நட்ட தைலமரங்கள் அத்தனையும் நன்றாக நிற்கின்றன. இந்தப் பக்கத்திலேயே பச்சையாக இருக்கும் சரிவு நம்முடையதுதான்.

அம்மா

---

ஏப்ரல் 12

அன்புள்ள அம்மா,

நாய்க் கதை இங்கேயும் வந்துவிட்டது. இங்கே அது இரண்டு நாயாகியிருக்கிறது. நெட்டையர் அதை மறுக்கவில்லை. கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பதைவிட நாய் துரத்தியது என்பது அவருக்குக் கௌரவமாக இருக்கிறது போல.

முன்னதாக எழுதாதது என் தப்பு. ஆளை அனுப்பியது தப்பில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வேலை இதுதான். செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் பூமி சின்னச் சின்னக் கட்டங்களாக வரும். ஒரு கட்டம் என்பது நம் வீட்டுக் கூடமும் முற்றமும் சேர்ந்த அளவு இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவு எவ்வளவு, மழை எவ்வளவு, மண் என்ன வகை, மேலே செடிகொடி எவ்வளவு என்று போட்டுக் கணக்கிட்டால், வருடத்துக்கு அங்கிருந்து எவ்வளவு மண் அரித்துப் போகும் என்று ஒரு மதிப்பு வரும். அதிகம் போகும் இடத்துக்குச் சிவப்பு, குறைவாகப் போகும் இடத்துக்குப் பச்சை. மழைக்கு முன்னால் இந்த வரைபடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். சிவப்புக்குக் கீழே இருக்கும் வீடுகளைக் காலி செய்து சமவெளியில் மாற்று வீடு கொடுப்பார்கள். பச்சைக்குக் கீழே இருப்பவர்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

நம் மேடு பச்சையாக வந்திருக்கிறது. அடர்ந்த பச்சை. மேலிருந்து பார்த்தால் இலை மட்டும்தானே தெரியும்?

அந்தப் பச்சையை இந்த அலுவலகத்தில் நம்பாத ஒரே ஆள் நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை அந்த மரங்களுக்கடியில் ஈர்க்குவிளக்குமாறு பிடித்த கை இது. ஒரு சருகு மிஞ்சினால் திரும்ப மேலே ஏறவேண்டும். இப்போதும் ஆள் வைத்துப் பெருக்குகிறீர்கள் என்று தெரியும். அம்மா, சருகுதான் மண்ணுக்குப் போர்வை. அது இல்லாவிட்டால், உயரத்து இலையில் சேர்ந்து சொட்டும் மழைத்துளி வெறும் தரையில் நேராக விழுந்து குழி பறிக்கும். சருகோடு இருக்கும் தோப்பும் சருகில்லாத தோப்பும் படத்தில் ஒரே பச்சைதான். தரையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "உங்க வீட்டுத் தோட்டத்தை யார் பெருக்கறாங்கன்னு சாட்டிலைட்டுக்குத் தெரியாது, எனக்கும் தெரிய வேண்டாம். ஆள் போய்ப் பாத்து அளந்துட்டு வரட்டும், மாத்திடலாம்" என்றார். சொந்த நிலம் என்பதால் நான் போகக் கூடாது. அதனால்தான் நெட்டையர் வந்தார். மரத்தடியில் வேர் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து, படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் போதும்.

மேட்டுக்கு நேர் கீழேதான் கீழ்வரிசை வீடுகள் இருக்கின்றன. உங்களுக்கு ரவிக்கை தைக்கும் தையல்காரி அங்கேதானே இருக்கிறாள்? எங்கள் ஆட்களை அடுத்த முறை உள்ளே விடுங்கள். பெருக்குவதை நிறுத்துங்கள். முடிந்தால் போன் இணைப்பையும் திரும்ப வாங்குங்கள்.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 20

மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குப்பையைப் போர்வை என்று எழுதியிருக்கிறாய். உன் படிப்புக்குச் செலவழித்தது வீண்போகவில்லை.

அந்தச் சருகு தைலம் கசியும் சருகு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அடுத்த மேடு முழுவதும் ஒரே பகலில் எரிந்ததை உன் அப்பாவும் நானும் ஈரச் சாக்கோடு நின்று பார்த்தோம். அன்றிலிருந்து பெருக்குகிறோம். பெருக்கின தரையில் பாம்பு தெரியும், நெருப்புப் பொறி விழுந்தால் தெரியும். மனிதர்கள் வாழும் இடம் என்றும் தெரியும். உனக்கு அது தண்டனையாகத் தோன்றியது என்று இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். எழுத்தில் தந்ததற்கு நன்றி.

இன்னொன்று. கோடிக்கணக்கில் செலவழித்து வானத்தில் வைத்த கருவி நம் சரிவு பத்திரம் என்கிறது. அதை நான் நம்புகிறேன். அதை வைத்துச் சம்பளம் வாங்கும் நீ நம்ப மாட்டேன் என்கிறாய். உன் அப்பாவின் மரங்களை அளப்பதற்கு இரும்புக் குழாயோடு ஆள் அனுப்புகிறாய். அவர் எத்தனை வருடம் தோளில் தண்ணீர் சுமந்து அவற்றைப் பிழைக்க வைத்தார் என்று உன் கட்டங்களில் இருக்காது.

தையல்காரி வியாழக்கிழமை வந்தாள். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, பின்சுவர் ஓரமாகச் சேறு வந்து நிற்கிறது என்றாள். குளியலறை கட்டுவதற்காக அவள் புருஷன் மேட்டின் அடியை வெட்டினானே, அதனால் வந்த சேறு என்றேன்.

"நாங்க வெட்டுனது ஒரு முழம்மா. வர்றது வண்டி வண்டியா வருது. நாங்க என்ன மலையையா வெட்டிட்டோம்?" என்றாள்.

வாய் அவளுக்கு எப்போதும் அதிகம். கை சுத்தம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். அலுவலகத் தாளில், முத்திரையோடு, யார் வருகிறார்கள், எதற்கு, எந்த நாளில் என்று எழுதி வரட்டும். உன் மேலதிகாரி கையெழுத்துப் போடட்டும். திறக்கிறேன். அதுவரை யாரும் வரவேண்டாம்.

அம்மா

---

மே 8

அம்மா,

அலுவலகத் தாளில் கடிதம் வராது. ஏப்ரலோடு களச் சரிபார்ப்பு முடிந்தது என்று மூடிவிட்டார்கள். பட்டியலில் நம் மேட்டுக்கு எதிரே "உரிமையாளர் அனுமதிக்கவில்லை, படத்தின்படி பச்சை" என்று எழுதியிருக்கிறார்கள். நெட்டையர் எழுதியது. அதில் பொய் இல்லை. மாதக் கடைசியில் வரைபடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது.

நான் சண்டை போடுவதற்காக எழுதவில்லை. இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருக்கும் நல்ல படங்களெல்லாம் வெயில் காலத்துப் படங்கள். மழை மாதங்களில் மேகம் மூடிக்கொள்ளும், படத்தில் வெள்ளைப் பஞ்சுதான் இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு வெயில் காலப் படத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம். மண் ஓடும் நேரத்தில் நாங்கள் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

அதனால் போன வாரம் வேறு மாதிரி தேடினேன். மழை முடிந்து முதல் மேகம் விலகிய நாளின் படங்களை மட்டும் பழசிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். நம் ஓடை அணைக்கட்டில் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே தண்ணீருக்குள் ஒரு பழுப்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. சேறு படிந்த திட்டு. ஒவ்வொரு வருடமும் நீள்கிறது. போன வருடம் திடீரென்று அகலமாகிவிட்டது. அந்த ஓடைக்கு மேலே இருக்கும் சரிவுகள் எல்லாம் வரைபடத்தில் பச்சை. எல்லாம் பச்சையென்றால் அந்த மண் எந்த வீட்டு மண்?

மேலதிகாரி பார்த்தார். அக்கரையில் ரோடு போடுகிறார்களே, அங்கிருந்து வந்திருக்கலாம் என்றார். வந்திருக்கலாம்தான்.

அளக்க வேண்டாம், யாரையும் விட வேண்டாம். நீங்களே ஒரு தடவை மேலே ஏறிப் பாருங்கள். பாதை வரைக்கும் இல்லை, பாதையைத் தாண்டி, நீங்கள் ஆளை அனுப்பிவிட்டுக் கீழே நின்றே பார்க்கும் அந்த இடத்துக்கு. முழங்கால் வலி தெரியும். கேட்பதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வேர்களைப் பாருங்கள். அவ்வளவுதான்.

அடுத்த நான்கு வாரம் வெளியூரில் களப்பணி. என் கைப்பேசி எண் கீழே எழுதியிருக்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மகள்

---

மே 23

மகளுக்கு,

நேற்று மேலே போனேன். தனியாகப் போகவில்லை. தையல்காரி கூட வந்தாள், கையைப் பிடித்துக்கொள்வதற்காக. பிடித்துக்கொண்டாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாதையைத் தாண்டியதும் தரை கல்லாக இருக்கிறது. மண் என்று நான் நினைத்திருந்த இடத்தில் சரளை. புல் இல்லை. மரங்கள் வேர் மேல் நிற்கின்றன, குதிகால் தூக்கி எட்டிப் பார்ப்பவர்களைப் போல. சில மரங்களின் அடியில் கையை விட்டு மறுபக்கம் எடுக்கலாம். அப்பா பதித்த எல்லைக் கல்லில் பாதி அந்தரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. யாரும் வெட்டிய வாய்க்கால் அல்ல. என் கைத்தடியை அதில் விட்டேன். பிடி வரைக்கும் போயிற்று. அதற்கும் மேலே, சரிவின் குறுக்கே, ஒரு பிளவு. அரைவட்டமாக இருக்கிறது. பிளவுக்குக் கீழே நிற்கும் மரங்கள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன, எல்லாம் ஒரே பக்கமாக.

தையல்காரி பிளவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தாள். பிறகு, "இங்கிருந்து பாத்தா எங்க வீட்டுக் கூரை இவ்வளவு கிட்ட தெரியுதே" என்றாள்.

இறங்கி வந்ததும் அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். "அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா. இதுல என்ன கௌரவம் பாக்கறீங்க?" என்றாள். கௌரவம் இல்லை என்றேன். போனில் சொன்னால் எந்த அதிகாரி ஒத்துக்கொள்வான்? ஒரு கிழவி போனில் புலம்பினாள் என்பான். மேலும் அன்றே உட்கார்ந்து, பார்த்ததை வரிசைப்படுத்தி, சரிவை வரைந்து, பிளவைக் குறித்து, உன் மேலதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல். ரசீது இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இனி யாரும் வரலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். கதவைப் பூட்டுவதில்லை.

பெருக்குகிறவர்களை நிறுத்திவிட்டேன்.

கீழ்வரிசையில் இருப்பவர்களை மழை வலுத்தால் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வீடு பாறைமேல் நிற்கிறது, ஒன்றும் ஆகாது. தையல்காரியின் புருஷன், பஸ் ஓட்டுகிறவன், வருவதற்குத் தயங்குகிறான். அதிகாரிகள் வந்து கணக்கெடுக்கும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் மாற்று வீடு கிடைக்காது, போன வருடம் ஆற்றோரத்தில் அப்படித்தான் பலபேர் ஏமாந்தார்கள் என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அதிகாரிகள் சீக்கிரம் வரவேண்டும். அதை நீ பார்த்துக்கொள்.

நான் செய்தது தவறு என்று இதில் எங்கும் எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

அம்மா

---

ஜூன் 5

அம்மா,

நேற்றுதான் ஊர் திரும்பினேன். உங்கள் கடிதம் மேஜைமேல் இருந்தது. நின்றபடியே படித்தேன். அந்த அரைவட்டப் பிளவு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மண் அரிப்பு என்பதெல்லாம் தாண்டிவிட்டது. அந்தத் துண்டு முழுவதும் கிளம்பத் தயாராக இருக்கிறது.

உங்கள் பதிவுத் தபால் மேலதிகாரி அறையில் இருந்தது. குமாஸ்தா பிரித்து, "நில உரிமையாளர் மனு; மழைக்குப் பின் பார்க்க" என்று மூலையில் எழுதிக் கோப்புத் தட்டில் வைத்திருக்கிறார். மேலதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உங்கள் நகல் வந்திருக்கிறது, ஆனால் வரைபடத்தில் பச்சை என்பதால் வரிசையில் கடைசியில் வைத்திருக்கிறோம் என்றார்கள். கத்தினேன் அம்மா. நீங்கள் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள். கடைசியில் அந்த வரைபடத்தைப் போட்டவளே சொல்கிறேன், தப்பு என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லி, எழுதியும் அனுப்பினேன். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.

உங்களிடம் பேச வழி இல்லை. வளைவுக் கடைக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து, திங்கட்கிழமை ஆபீசர்கள் வருகிறார்கள், அதுவரைக்கும் எல்லோரும் மேலே அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கீழ்வரிசையில் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றைக்கு அந்தப் போனை வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதின்மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். வெளியூரில் இருந்தாலும் என்னிடம் போன் இருந்தது. கோபத்தில் எழுதுகிறேன், அடித்துவிட நினைத்தேன், அடிக்கவில்லை. எழுதினால் இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

வானிலைப் படத்தில் மேகம் கூடுகிறது. அவர்களைக் கீழே இறங்க விடாதீர்கள்.

மகள்

---

ஜூன் 11

மகளுக்கு,

உன் கடிதம் நேற்று, செவ்வாய்க்கிழமை வந்தது.

சனிக்கிழமை மழை வலுத்தது. கீழ்வரிசையிலிருந்து எல்லோரும் ஏறி வந்தார்கள். கூடத்திலும் சமையலறையிலும் படுத்தார்கள். ஈரத் துணியை என் சாப்பாட்டு நாற்காலிகளில் காயப்போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தையல்காரிதான், "அம்மா கண்ணை மூடிட்டு இருக்காங்க, சீக்கிரம் எடுங்கடி" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. தையல்காரியும் அவள் புருஷனும் கீழே போகக் கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டேன். திங்கட்கிழமை ஆபீசர்கள் வருகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னாரே, வீடு முழுக்கச் சேறு, அப்படியே விட்டால் ஆள் இல்லாத வீடு என்று எழுதிவிட்டுப் போவார்கள் என்றாள். "ஒரு மணி நேரத்துல பெருக்கித் தள்ளிட்டு வந்துர்றேன்மா. உங்ககிட்டயே இத்தனை வருஷம் பழகியிருக்கேன், எனக்கா பெருக்கத் தெரியாது?" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். ஒருமுறை சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவர்கள் பின்னால் கீழ்வரிசையில் அவர்களுக்கு எதிர்வீட்டுக் கிழவரும் தன் பங்குக்குச் சுத்தம் செய்யப் போனார்.

பதினொரு மணி இருக்கும். சத்தம் இடி போல இல்லை. யாரோ பெரிய துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல இருந்தது. நான் சன்னலுக்குப் போனபோது மரங்கள் நின்றபடியே நகர்ந்துகொண்டிருந்தன. விழவில்லை. நின்றபடியே இறங்கின. பிறகு கீழ்வரிசை இருந்த இடத்தில் மரங்கள் நின்றன.

மாலையில் தையல்காரியின் புருஷனை எடுத்தார்கள். கிழவரை மறுநாள். தையல்காரியை இன்னும் தேடுகிறார்கள்.

அதிகாரிகள் சொன்னபடி திங்கட்கிழமை காலை நோட்டீஸோடு வந்தார்கள். கொடுக்க ஆள் இல்லாததால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா

---

ஜூன் 24

அன்புள்ள அம்மா,

அடக்கத்துக்கு வந்தேன். நீங்கள் முன்வரிசையில் குடையில்லாமல் நின்றீர்கள். நான் பின்னால் நின்றேன். திரும்பிப் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். கிட்ட வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது பேச வேண்டியிருந்திருக்கும்.

இங்கே எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். மேகம் விலகிய முதல் நாளின் படத்தில், சரிந்த இடத்தின் எல்லையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். சிரமமே இல்லை. பச்சைக்கு நடுவில் பழுப்பாக, யார் பார்த்தாலும் தெரிகிறது. கட்டம் கட்டமாகச் சுற்றிக் கோடு போட்டேன். கீழ்ப்பகுதியில் எது கூரை, எது மண் என்று பிரிக்க முடியவில்லை. தையல்காரி வீடு எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும். அதையும் கோட்டுக்குள் சேர்த்தேன். இப்போது வரைபடம் சரியாக இருக்கிறது. மேலதிகாரியும் பாராட்டினார்.

விசாரணைக்கு அலுவலகம் ஒரு அறிக்கை தருகிறது. அதில் ஒரு வரி: "நில உரிமையாளர் களச் சரிபார்ப்புக்கு அனுமதி மறுத்ததால் வகைப்பாட்டைத் திருத்த இயலவில்லை." படம் வெயில் காலத்துப் படம் என்றோ, பழுப்பு நாக்கை நான் காட்டினேன் என்றோ, உங்கள் பதிவுத் தபால் தட்டில் கிடந்தது என்றோ எதுவும் இல்லை. நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. மகள் தாயைக் காப்பாற்றுகிறாள் என்று நடைக்கூடத்தில் பேச்சு வந்துவிட்டது.

திங்கட்கிழமை என்று கடைக்காரரிடம் சொன்னது நான். அந்த ஒரு வார்த்தை இல்லாமல், உடனே ஓடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவள் பெருக்கப் போயிருக்க மாட்டாள். தினமும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நெட்டையர் ஏப்ரலில் மேலே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அலுவலகம் எதைத்தான் உருப்படியாகச் செய்தது? நீங்கள் இதை மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம். சன்னலைத் திறந்தால் அது தெரியும். நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

மகள்

---

ஜூலை 3

மகளுக்கு,

நான் வரவில்லை. சன்னலைத் தினமும் திறக்கிறேன். தையல்காரியைத் தேடுவதைப் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லை.

விசாரணை அதிகாரி இங்கேயும் வந்தார். மரியாதையான மனிதர். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வயதானவர்கள், இந்தக் காலத்துத் தொழில்நுட்பம் எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் பயந்து கதவைச் சாத்தியிருப்பீர்கள் என்றார். அதை அப்படியே எழுதிக்கொள்ளவும் தயாராக இருந்தார். நான் பயப்படவில்லை என்றேன். என்ன வேலைக்கு வந்தார்கள் என்று அவர்கள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, கடிதம் இல்லை என்பதால் விடவில்லை, அதற்குப் பிறகு என் மகள் எல்லாவற்றையும் விளக்கி எழுதினாள், அப்போதும் விடவில்லை என்று சொன்னேன். உன் கடிதங்களைக் காட்டினேன். நகல் எடுத்துக்கொண்டார். உன் அலுவலகம் விட்டுவிட்ட விஷயங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன, பழுப்பு நாக்கும் இருக்கிறது. ஆகவே அந்த அறிக்கையில் நீ கையெழுத்துப் போடலாம். அந்த ஒரு வரி உண்மை. உண்மைக்குக் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் நீ சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவள் ஞாயிற்றுக்கிழமை என் வாசலைத் தாண்டித்தான் இறங்கினாள். நான் ஒருமுறைதான் வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை சொல்வது என் வழக்கம் இல்லை. அதை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

பஸ் டிரைவரின் அக்கா வந்திருந்தாள். வாசலோடு நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "உங்களை ஒண்ணும் கேக்க வரலை. எங்க தம்பி பொண்டாட்டி மிஷினை ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே உங்க வீட்டுல ஏத்தி வெச்சாளாமே, அதை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றாள். கூடத்து மூலையில்தான் இருந்தது. ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னேன். ஊசியில் என் ரவிக்கைத் துணி அப்படியே மாட்டியிருந்தது. அதை அவள் நிதானமாகப் பிரித்து எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்குக்கூட நான் தகுதியில்லை என்று நினைத்தாளோ, அல்லது இரக்கப்பட்டாளோ, தெரியவில்லை. எது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. நெட்டையர் ஏப்ரலில் மேலே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எனக்கு வலிக்கும் என்றால் கேள்வியாக மாற்றிவிடுவாய். அது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. உனக்குத் தெரியும். எத்தனை வேர் வெளியே தெரிந்தால் எந்த நிறம் என்று உங்களிடம் அளவு இருக்கிறது. அந்தப் பிளவு ஏப்ரலில் இருந்திருக்குமா, வேர்களை மட்டும் வைத்துச் சிவப்பாக மாற்றியிருப்பார்களா, மாற்றியிருந்தால் கீழ்வரிசை மே மாதப் பட்டியலில் வந்து மழைக்கு முன் காலியாகியிருக்குமா என்று உன்னால் சொல்ல முடியும். இந்த நாட்டில் அதைச் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அதில் ஒருத்தி என் வயிற்றில் பிறந்தவள்.

விசாரணை அதிகாரியிடம் இதைக் கேட்டேன். அவர், "அதையெல்லாம் இப்ப நினைச்சு என்னம்மா ஆகப்போகுது" என்றார். எனக்கு ஆகவேண்டியது இருக்கிறது. நான் காலையில் எழுந்து முகம் கழுவி அந்தச் சன்னலைத் திறக்கும்போது, எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும். உன் அலுவலகமும் மழையும் செய்ததைப் பார்க்கிறேனா, நான் செய்ததைப் பார்க்கிறேனா? இரண்டில் எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். தெரியாமல் பார்க்க மாட்டேன்.

ஆறுதல் எழுதாதே. நேரில் வராதே, வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றுவாய். ஏப்ரலில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த நெட்டையனை உள்ளே விட்டிருந்தால் அவர்கள் மூவரும் உயிரோடு இருந்திருப்பார்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

அம்மா